நாலு லிட்டர் டின், எவ்வளவு தண்ணீர்?

சென்னை திருவொற்றியூர் வீடொன்றில் 10-க்கு 10 அறை, உயரமும் 10 அடி. நாலு சுவரும் 400 சதுர அடி. கதவுக்கு 21, ஜன்னலுக்கு 12 கழித்தால் 367. பட்டி பார்த்து பிரைமர் அடித்த சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன், ஒரு கோட்டுக்கு 200 சதுர அடி வரும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கோட்டுக்கு 3.67 லிட்டர். ரோலர் குடிப்பது, தரையில் சிந்துவது எல்லாம் சேர்த்து 4 லிட்டர் டின் ஒன்று.

டின்னில் 40 சதவீதம் தண்ணீர் என்று போட்டிருந்தால், லிட்டர் பெயின்ட்டுக்கு 400 மி.லி. என்று அர்த்தம். 4 லிட்டருக்கு 1.6 லிட்டர்; கலவை 5.6. ஆனால் சரிக்குச் சரி ஊற்றுகிற பெயின்டர்கள் உண்டு. பிரைமருக்குப் பெரும்பாலும் அப்படித்தான். அந்தக் கைப்பழக்கம் எமல்ஷனுக்கும் வந்துவிடுகிறது. ரோலர் வழுக்கிக்கொண்டு ஓடும். 5.6 லிட்டர் கலவைக்கு 2.8 லிட்டர் பெயின்ட்டே போதும். லிட்டர் 250 ரூபாய் என்றால் 300 ரூபாய் மிச்சம்.

மிச்சமா? தண்ணீர் காய்ந்தபின் சுவரில் நிற்பது திடப்பொருள் மட்டும்தான். பெயின்ட்டில் அது 35 சதவீதம் என்று கொண்டால், முதல் கணக்கில் 1.4 லிட்டர் சுவரில் தங்கும், இரண்டாவதில் 0.98. படலம் 41 மைக்ரானிலிருந்து 29-க்கு இறங்கிவிடும். பழைய நிறம் எட்டிப் பார்க்கும். மூன்றாவது கோட்டுக்கு 1.4 லிட்டர் வேண்டும், டின்னில் இருப்பதோ 1.2. அந்த 200 மி.லி.க்காக இன்னொரு லிட்டர் டின் 250 ரூபாய், ஆள் கூலி 1,000 ரூபாய். ஆக, 1,250 ரூபாய் கூடுதல்.

அடுத்தது, எந்தத் தண்ணீர்? கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கக் கட்டிய மீஞ்சூர் ஆலை 2010-இல் வந்ததே தண்ணீர்த் தட்டுப்பாட்டால்தான். லிட்டருக்கு 2,000 மி.கி. உப்புள்ள போர் தண்ணீரை 1.6 லிட்டர் கலந்தால் பெயின்ட்டில் சேர்வது 3.2 கிராம். ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஆனாலும் தண்ணீர் கடினமாக இருந்தால் சில பெயின்ட் திரிந்துபோகும்.

பெரிய உப்பு சுவரில்தான் இருக்கிறது. காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் கடலைப் பார்த்த சுவரைக் கழுவாமல் பெயின்ட் அடித்தால் நிற்காது. கழுவ இரண்டு குடம், அதாவது 30 லிட்டர் போர் தண்ணீர் எடுத்தால் அதிலேயே 60 கிராம் உப்பு. மெட்ரோ வாட்டர் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால், கலக்க 1.6 லிட்டரை எடுத்து வைத்துவிட்டு, மீதியைச் சுவர் கழுவ விடுங்கள்.