ஏரிக்கரையில் கேமரா: படமும் வேண்டும், பயிரும் வேண்டும்

தை மாதத்து விடியற்காலை. வேடந்தாங்கல் பக்கத்து ஊர்களில் நவரை நடவு முடிந்து, நாற்று பச்சை பிடிக்கும் நேரம். ஏரிக்கரை ஓரமாக இரண்டு மூன்று கார்கள் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்களின் தோளில் முழ நீள லென்ஸ் பொருத்திய கேமரா, கையில் முக்காலி. வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். நடவு வயலில் கொக்குக் கூட்டம் இறங்கியதும் வரப்பில் ஏறி ஓடுகிறார்கள். தண்ணீர் பார்க்க வந்த விவசாயி குரல் கொடுக்கிறார்.

"தம்பி, அந்த வரப்பு ஊறிப்போய்க் கிடக்கு. இந்தப் பக்கமா சுத்தி வாங்க."

"ஒரு நிமிஷம்தான் ஐயா!"

அந்த ஒரு நிமிஷத்துக்கு ஒரு விலை உண்டு. நண்டு வளையால் ஏற்கெனவே பலமிழந்த வரப்பு மிதிபட்டு உடைந்தால், கட்டி வைத்த தண்ணீர் ஒரே இரவில் வடிந்துவிடும். போட்ட உரமும் அதோடு போகும். மிதிபட்ட நாற்றுக்குப் பதில் போட்டு நட ஆள் தேட வேண்டும். படம் எடுத்தவர் இதை அறியமாட்டார். அவர் வேண்டுமென்று செய்த கெடுதலும் அல்ல. வயல் என்பது புல்வெளி அல்ல என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

காட்டுயிர்களையும் இயற்கைக் காட்சிகளையும் படம் எடுக்க ஊர் ஊராகப் பயணம் போகும் பழக்கம் இன்று வேகமாகப் பெருகி வருகிறது. முதுமலை, ஆனைமலை, கோடியக்கரை, பழவேற்காடு, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று இவர்கள் போகாத இடம் இல்லை. இவற்றில் பல இடங்கள் விவசாயிகளின் நிலத்தையும் நீரையும் ஒட்டியவை. எனவே இது நகரத்தாரின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல, நம் வரப்புக்கு வந்துவிட்ட விஷயம்.

ஊர் காத்த பறவைகள்

ஒரு நல்ல பறவைப் படத்துக்கு விலை உயர்ந்த கேமரா மட்டும் போதாது. பறவை பயமில்லாமல் இருக்க வேண்டும். மனிதரைக் கண்டதும் பறந்துவிடும் பறவையை எந்த லென்ஸும் பிடிக்காது. வேடந்தாங்கலில் பறவைகள் பயமில்லாமல் இருப்பதற்குக் காரணம் அங்குள்ள விவசாயிகள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டு வேட்டையாடினார்கள். ஊர் மக்கள் அன்றைய கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலம் பெற்றார்கள். பறவை மீது இருந்த அன்பு மட்டும் அதற்குக் காரணம் அல்ல. ஏரி நடுவில் உள்ள நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் தங்குகின்றன. அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் நெல் செழித்து வளர்கிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. ஆய்வுக்கூடம் இல்லாத காலத்திலேயே விவசாயி இதைக் கண்டுகொண்டார்.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கத்தில் உள்ள கூந்தன்குளத்தில் ஊரும் பறவைகளும் இன்னும் நெருக்கம். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றத்தையும் இரைச்சலையும் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே கட்டுப்பாடு உண்டு. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் ராம்சர் பட்டியலில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாகச் சேர்க்கப்பட்ட செய்தி 2022-இல் வெளியானது.

ஆக, படம் எடுக்க வருகிறவர் தேடி வருவது அந்த ஊர் பல தலைமுறையாகக் காத்து வைத்த அமைதியை. அதைக் கெடுக்காமல் திரும்பிப் போவது அவர் கடமை. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது ஊரின் உரிமை.

பொறுமைதான் முதல் கருவி

தமிழ்நாட்டில் காட்டுயிர்ப் படக்கலைக்கு வழிகாட்டிய முன்னோடிகளில் ஒருவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் இவர். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் எடுத்தார். பல பாகங்களைத் தாமே ஒட்டவைத்து உருவாக்கிய கனமான கேமராவைச் சுமந்துகொண்டு, காட்டில் நடந்தும் யானை மேல் அமர்ந்தும் படம் பிடித்தார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அன்று ஒரு சுருளில் சில படங்கள்தான் எடுக்க முடியும். அதனால் காத்திருந்து, விலங்கின் போக்கை அறிந்து எடுக்க வேண்டியிருந்தது.

இன்று ஒரு வினாடியில் பத்துப் படம் எடுக்கலாம். கருவி வேகமானது, காத்திருக்கும் பழக்கம் குறைந்தது. கெடுதல் தொடங்குவது இங்கேதான். பறக்கும் படம் வேண்டும் என்று கை தட்டியும் கல் எறிந்தும் கூட்டத்தைக் கிளப்புகிறார்கள். கூடு தெளிவாகத் தெரிய வேண்டும் என்று மறைக்கும் கிளையை ஒடிக்கிறார்கள். அந்தக் கிளைதான் குஞ்சுக்கு நிழல், காக்கையிடமிருந்து மறைப்பு. தாய்ப்பறவை பயந்து எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் திரும்பாவிட்டால், உச்சி வெயிலில் முட்டை கெட்டுப்போகும். படம் நன்றாக வந்திருக்கும், கூடு அழிந்திருக்கும்.

தெரிந்தவர்கள் இப்படிச் செய்வதில்லை. காலையில் முதல் இரண்டு மணி நேரமும் மாலையில் கடைசி இரண்டு மணி நேரமும் வெளிச்சம் சாய்வாகவும் இதமாகவும் இருக்கும். அப்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சாக்கையோ தென்னங்கீற்றையோ மறைப்பாக வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் பறவை பழகிவிடும். பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்கக்கூடாது என்பது அவர்கள் கைக்கொள்ளும் விதி.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வதை மட்டும் பொருளாகச் சொல்லவில்லை. பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். எனவே பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டைக் கலைத்துப் படம் எடுப்பது வெறும் ஒழுங்கீனம் அல்ல, குற்றம். சரணாலயத்துக்குள் படம் எடுக்க வனத்துறை அனுமதி தேவை. பட்டா நிலத்துக்குள் இறங்க நில உரிமையாளரின் சம்மதம் தேவை.

இன்னொரு எச்சரிக்கை. மானாவாரி நிலத்தில் நட்சத்திர ஆமையோ, பனை மரத்தில் ஆந்தைக் கூடோ, தோப்பில் தேவாங்கோ இருந்தால், அந்த இடத்தைப் படத்தோடு சேர்த்து சமூக வலைதளத்தில் போட வேண்டாம். நட்சத்திர ஆமையைத் திருட்டுத்தனமாகப் பிடித்து விற்கும் கும்பல்கள் உண்டு. அவர்களுக்கு நாமே வழிகாட்டிவிடக்கூடாது. இரவில் நடமாடும் தேவாங்கின் பெரிய கண்களில் பிளாஷ் வெளிச்சம் அடிப்பதும் கூடாது.

ஊர் கூடிச் செய்யக்கூடியவை

ஒருவர் வரப்பில் நின்று சத்தம் போடுவதைவிட, ஊரே சேர்ந்து சில விதிகளைப் பலகையில் எழுதி ஏரிக்கரையில் வைப்பது நல்லது.

1. வண்டி நிறுத்தும் இடம் எது, நடக்கும் பாதை எது என்று காட்டுங்கள். அகலமான கரை ஒன்றை நடைபாதையாக ஒதுக்கினால் மற்ற வரப்புகள் தப்பும்.

2. நடவு முடிந்த வயலிலும் கதிர் முற்றிய வயலிலும் இறங்கக்கூடாது.

3. கல் எறிவது, கை தட்டுவது, செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது, கிளை ஒடிப்பது, கூடுகளுக்கு மேல் ட்ரோன் பறக்கவிடுவது கூடாது.

4. நெகிழிப் பை, தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். மேய்ச்சலுக்கு வரும் மாடு அதைத் தின்றால் நஷ்டம் விவசாயிக்கு.

5. வயலில் வேலை செய்யும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படம் எடுக்கக்கூடாது.

6. விதியை மீறிக் கூட்டைக் கலைப்பவர் பற்றி வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள். கைகலப்பு வேண்டாம்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. நத்தைகொத்தி நாரை வயலில் இறங்கி நத்தையைத் தின்று நமக்கு உதவுகிறது. அதே வயலில் கார்போபியூரான் போன்ற குருணை மருந்தைப் போட்டால் அது பறவைக்குக் கொடிய நஞ்சு. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு மண் பரிசோதனை செய்து உரம் இடுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் சாயும், குலைநோயும் எளிதில் தாக்கும். யூரியாச் செலவு குறைவதும் பறவை தரும் கூலிதான்.

வருமானம் உண்டா?

"வருகிறவர்களிடம் காசு வாங்கலாமா?" என்பது இயல்பாக எழும் கேள்வி. சரணாலயத்துக்குள் கட்டணம் வனத்துறையைச் சேர்ந்தது. சொந்த நிலத்தில் விவசாயி ஒரு சேவை தந்து அதற்குக் கூலி பெறுவதில் தவறில்லை. கேரளத்தின் தட்டேக்காட்டில் உள்ளூர்க் குடும்பங்கள் விருந்தினரை வீட்டில் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, பறவை பார்க்க வழிகாட்டி வருமானம் பார்க்கின்றன. தண்ணீர்த் தொட்டி வைத்து, எதிரே கீற்று மறைப்பு அமைத்துப் படம் எடுக்க இடம் தருவதும் உண்டு.

ஏரிப்பாசன ஊர்களிலும் இதைச் சிறிய அளவில் தொடங்கலாம். காலை டிபன், இளநீர், எந்தப் பறவை எங்கே இறங்கும் என்று தெரிந்த ஓர் இளைஞர் துணை போதும். ஆனால் இதை நம்பிக் கடன் வாங்கிக் கட்டடம் எழுப்ப வேண்டாம். மழை பொய்த்து ஏரி வறண்டால் பறவை கூடு கட்டாது, விருந்தாளியும் வரமாட்டார். இது உபரி வருமானம்தான். மூலதனம் ஏரியும் மரமும்.

நம் வீட்டுப் பிள்ளைகளின் கையிலும் கேமரா

செல்போன் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேமரா இருக்கிறது. வயலில் பறவை தாங்கி நட்டுவைத்தால் கரிச்சான் வந்து உட்கார்ந்து புழுவைப் பிடிக்கும். பத்தடி தள்ளி வரப்பில் அசையாமல் உட்காரும் பிள்ளைக்கு நல்ல படமும் கிடைக்கும், எந்தப் பூச்சியை எந்தப் பறவை தின்கிறது என்ற பாடமும் கிடைக்கும். ஆண்டுதோறும் பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். தம் ஊரில் என்னென்ன பறவை எத்தனை என்று எண்ணிப் பதிவு செய்வதுதான் வேலை.

இதே பழக்கம் பயிருக்கும் உதவும். பயிர் நோய் பற்றிக் கேள்வி அனுப்பும்போது உச்சி வெயிலில் எடுத்த மங்கலான ஒரு படத்தால் பயன் குறைவு. காலை வெளிச்சத்தில் முழுச் செடி ஒன்று, இலையின் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, வயலின் பொதுத் தோற்றம் ஒன்று என நான்கு படம் எடுத்து அனுப்பினால் சரியான பதில் கிடைக்கும்.

ஒரு முறை ஊர்ப் பெரியவர் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த வரப்பில் நடக்கலாம் என்று காட்டிவிட்டால், மறுவாரம் வருகிறவர் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். "ஐயா, எந்தப் பக்கமா போகலாம்?" என்ற அந்தக் கேள்வி வரத் தொடங்கினால், வரப்பும் நிற்கும், கூடும் நிற்கும், படமும் கிடைக்கும்.