விபுலாநந்தர்

சுவாமி விபுலாநந்தர் (மார்ச் 27, 1892 – சூலை 19, 1947) இலங்கையைச் சேர்ந்த துறவி, தமிழறிஞர், இதழாசிரியர், இசை ஆய்வாளர் ஆவார். வழக்கொழிந்துபோன யாழ் என்ற நரம்பிசைக் கருவியை ஆராய்ந்து இவர் எழுதிய யாழ்நூல், தமிழிசை ஆய்வின் முதன்மை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

வாழ்க்கை

கிழக்கிலங்கையின் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை இணையருக்குப் பிறந்தார். இயற்பெயர் மயில்வாகனன். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் இளநிலைத் தேர்விலும் வெற்றி பெற்றார். யாழ்ப்பாணத்தில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றியபின், 1922 இல் சென்னை இராமகிருட்டிண மடத்தில் சேர்ந்தார். 1924 இல் துறவறம் ஏற்று விபுலாநந்தர் என்ற பெயர் பெற்றார்.

இதழ்ப் பணி

சென்னை மடத்தின் இராமகிருட்டிண விசயம் என்ற தமிழ் இதழுக்கும், வேதாந்த கேசரி என்ற ஆங்கில இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள மாயாவதியில் தங்கி, பிரபுத்த பாரதம் என்ற ஆங்கில இதழை நடத்தினார்.

மொழிப் பணி

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அறிவியல் பாடங்களைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் இல்லை என்ற குறையைப் போக்க, சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்தது. அதற்கென 1936 இல் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டுக்கு இவர் தலைமை தாங்கினார்.

யாழ்நூல்

சங்க இலக்கியங்களில் பாணர் மீட்டிய யாழ், பிற்காலத்தில் வீணை பரவியதும் மறைந்துபோனது. ஆய்வுக்கெனப் பழைய கருவி ஒன்றும் எஞ்சவில்லை. எனவே சிலப்பதிகார அரங்கேற்று காதையையும், அதற்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையையும், பழைய சிற்பங்களையும் இவர் சான்றாகக் கொண்டார். நரம்பின் நீளம் குறையக் குறையச் சுருதி உயரும் என்ற இயற்பியல் விதியைக் கொண்டு பண்டைய சுரங்களின் அளவுகளைக் கணக்கிட்டார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பை விளக்கினார். புலமையும் கணக்கும் ஒருவரிடமே இருந்ததால்தான் இந்த ஆய்வு கைகூடியது.

கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட இந்நூல், 1947 சூன் 5 அன்று திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. இவரது ஆய்வின்படி செய்யப்பட்ட யாழ்கள் அவ்விழாவில் மீட்டப்பட்டன. ஏழு வாரங்கள் முடியும் முன்பே, சூலை 19 அன்று இவர் காலமானார். மட்டக்களப்பு கல்லடி உப்போடையில், இவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் இவரது சமாதி உள்ளது.