உங்களுக்குத் தெரியுமா? சிம்ப்சன் பாலைவனத்தில் கூடாரமடிக்க...

ஆஸ்திரேலியாவின் சிம்ப்சன் பாலைவனத்தில் 1,100-க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சிலவற்றின் நீளம் 200 கி.மீ.! இங்குள்ள முங்கா-திர்ரி தேசியப் பூங்காவில் தங்கலாம். ஆனால் குழாயோ கழிப்பறையோ குப்பைத்தொட்டியோ கிடையாது. மேற்கே மவுண்ட் டேர் என்ற இடத்தை விட்டால் கிழக்கே பேர்ட்ஸ்வில் ஊர்வரை, சுமார் 500 கி.மீ. தூரத்துக்கு, டீசலும் கிடைக்காது. குடிநீர் முதல் உதிரி டயர் வரை எல்லாம் வண்டியிலேயே வர வேண்டும். சேரும் குப்பையும் அதிலேயே திரும்ப வேண்டும்.

மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் குறைத்துக்கொள்கிறார்கள். வண்டியின் முன்பக்கம் உயரமான கம்பத்தில் கொடி கட்டுவது கட்டாயம். மேட்டின் மறுபக்கம் ஏறிவருபவருக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் கொடிதான். நேருக்கு நேர் மோதாமல் எத்தனையோ உயிர்களைக் காக்கும் எளிய ஏற்பாடு. கோடை வெயில் கடுமை என்பதால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்காவையே மூடிவிடுகிறார்கள்.

இதே மண்ணில் வண்டியும் டீசலும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் வாங்கங்குரு மக்கள். 1936-இல் டெட் கோல்சன் என்ற வெள்ளையர் ஒட்டகங்களுடன் பாலைவனத்தைக் கடந்ததைப் பெரிதாகப் பேசுகிறார்கள். உடன் சென்ற பீட்டர் ஐன்ஸ் என்ற பழங்குடி மனிதரின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். வாங்கங்குருக்களின் உயிர்நாடி 'மிக்கிரி' எனும் கிணறுகள். மணலுக்கடியில் தேங்கும் மழைநீரை எட்ட, குறுகலாகத் தோண்டியவை. 1886-இல் டேவிட் லிண்ட்சே என்ற நில ஆய்வாளருக்கு அவர்களில் ஒருவர் வழிகாட்டினார். அந்தப் பயணத்தில் லிண்ட்சே கண்ட மிக்கிரிகள் ஒன்பது.