10,000 சித்திரங்களில் ஒரு டைனோசர்

வைட்ஃபீல்டில் மகன் வீட்டோடு இருக்கும் எனக்கு, பேரனின் கணக்கு நோட்டைச் சரிபார்ப்பது மாலை நேர வேலை. சென்ற வாரம் பார்த்தால், பக்கங்களின் ஓரத்தில் ஒரு நாய் வரைந்திருந்தான். தாள்களை விரலால் விறுவிறுவென்று தள்ளினால் நாய் ஓடுகிறது! "படிக்கிற நேரத்துல இது என்னடா?" என்று அவன் அப்பா அதட்டினான். நான் பேரனைக் கூட்டிப் போய், கணினியில் ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டினேன்.

அமெரிக்கப் பத்திரிகை ஓவியர் வின்சர் மெக்கே 1914இல் உருவாக்கிய 'கெர்ட்டி' என்ற டைனோசர் படம் அது. வண்ணமும் இல்லை, பேச்சும் இல்லை. அந்நாளில் மெக்கே சாட்டையுடன் திரையருகே மேடையில் நின்று கட்டளையிடுவாராம். திரையில் கெர்ட்டி தலை வணங்கும், காலைத் தூக்கும். திட்டினால் குழந்தை போல் அழும். கடைசியில் மெக்கே திரைக்குப் பின் மறைய, சித்திர மெக்கே படத்தில் தோன்றிக் கெர்ட்டியின் மேலேறிப் போவார்!

பின்னணியை ஒருமுறை வரைந்து, அதன்மேல் கண்ணாடித் தாளை வைத்துப் படமெடுக்கும் முறை அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு தாளிலும் மலையையும் ஏரியையும் மறுபடி மறுபடி வரைந்தாக வேண்டும். அதைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற உதவியாளர். மொத்தம் 10,000 சித்திரங்கள் என்று படத்திலேயே சொல்கிறார்கள்.

ஆனால் மெக்கேயின் பெருமை எண்ணிக்கையில் இல்லை. கெர்ட்டி படுத்து மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குகிறதே, அதற்காகத் தம் மூச்சையே கடிகாரம் வைத்துக் கணக்கிட்டவர் அவர். அதனால்தான் வெறும் கோடுகளுக்கு உடற்கனமும், செல்லப் பிராணியின் பிடிவாதமும் வந்துவிட்டன.

1955இல் வால்ட் டிஸ்னி தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்த மேடைக் காட்சியை மீண்டும் நடத்திக் காட்டினார். டிஸ்னியிடம் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். ராம் மோகன் அவர்களில் ஒருவர். ஜாதகக் கதையைக் கொண்ட 'பன்யன் டீர்' என்ற படம் 1957இல் அங்கே உருவானது.

படம் முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க தாத்தா" என்றான் பேரன். திரும்பிப் பார்த்தேன். மகனும் பின்னால் நின்று பார்த்துக் கொண்டிருந்தான். அவன் எட்டாம் வகுப்பில் படித்தபோது அவனுடைய சித்திர நோட்டைப் பிடுங்கிப் பரணில் போட்டவன் நான்தான். அவன் அதைச் சொல்லிக் காட்டவில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து வரும்போது கோடு போடாத நோட்டு ஒன்று வாங்கி வந்தான்.

சங்க அன்பர்களே, உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டுகளின் ஓரங்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.