லீவு லெட்டர் ஏன் நகரவில்லை? பழைய 'வொர்க்ஃப்ளோ'வுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை!

லீவு விண்ணப்பத்தை ஆபீஸ் கணினியில் நிரப்பி அனுப்பியாகிவிட்டது. 'பதிவாகிவிட்டது' என்று திரையும் சொல்லிவிட்டது. இரண்டு நாள் கழித்து மேலாளரிடம் கேட்டால், "எனக்கு மெயிலே வரலையே" என்கிறார். விண்ணப்பம் எங்கும் தொலையவில்லை. அதை எடுத்துப்போய் மேலாளரிடம் கொடுக்கும் ஆள்தான் இல்லை!

அந்த ஆளுக்குக் கணினி உலகில் 'வொர்க்ஃப்ளோ' என்று பெயர். ஒரு காலத்தில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக நடந்த அலுவலக உதவியாளரின் வேலையைச் செய்யும் மென்பொருள் ஏற்பாடு இது. லீவு, பில், கொள்முதல் என எதற்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

தனியாக வந்த இன்ஜின்

உலகமெங்கும் பல அலுவலகங்கள் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட்டின் 'ஷேர்பாயின்ட்' மென்பொருளில் இந்த வசதி 2007 பதிப்பில் வந்தது. 2010 பதிப்பு வரை அதன் இன்ஜின் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. 2013 பதிப்பில் வந்த புதிய இன்ஜினோ, 'வொர்க்ஃப்ளோ மேனேஜர்' என்ற தனி இணைப்பு. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் அதைத் தனியாக நிறுவி, கட்டளை கொடுத்து ஷேர்பாயின்ட்டோடு இணைக்க வேண்டும்.

சிக்கல் வருவது இங்கேதான். அலுவலகம் புதிய சர்வருக்கு மாறும்போது படிவங்களும் பட்டியல்களும் பத்திரமாக வந்துவிடும். இந்த இணைப்பை மறந்துவிட்டால், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால், எதுவும் நகராது.

இணைத்த பிறகும் ஓடவில்லையா?

இணைப்பைச் சேர்த்த பிறகும் சில நேரம் வேலை நடக்காது. ஊழியர்களின் விவரங்களை வைத்திருக்கும் 'யூஸர் புரொஃபைல்' சேவை சரியாக இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, சோதனை செய்வது யாருடைய கணக்கில் என்று கவனிக்க வேண்டும். 2013 வகை வொர்க்ஃப்ளோவை 'சிஸ்டம் அக்கவுன்ட்'டில் இருந்து தொடங்க முடியாது. இது தெரியாமல் அந்தக் கணக்கிலேயே சோதித்துவிட்டு, இணைப்பில்தான் கோளாறு என்று தேடினால் நேரம்தான் வீணாகும். சாதாரண ஊழியர் கணக்கில் சோதிப்பதே சரி.

நாள் குறித்தாகிவிட்டது!

இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்தாலும் ஆயுள் கெட்டி இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேவையில் 2010 வகை வொர்க்ஃப்ளோக்களை நிறுத்தப்போவதாக 2020 ஜூலையில் அறிவிப்பு வந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்குக் குறித்த நாள் அதே ஆண்டு நவம்பர் 1. இடையில் கிடைத்தது நான்கு மாதம்கூட இல்லை. 2013 வகை, 2024 ஏப்ரல் 2 முதல் புதிய வாடிக்கையாளர்களுக்கு இல்லை. மற்றவர்களுக்கு 2026 ஏப்ரல் 2 என்று நாள் குறிக்கப்பட்டது. சொந்த சர்வரில் ஓடும் 2016, 2019 பதிப்புகளுக்கான ஆதரவுக்குக் குறிக்கப்பட்ட கடைசி நாள் 2026 ஜூலை 14.

அப்படியானால் பழைய இணைப்பை இயக்குவதே தப்பா? இல்லை. சம்பள பில் பாதியில் நிற்கும்போது வேறு வழியில்லை. ஆனால், அது வாடகைக்கு வாங்கிய அவகாசம். அந்த அவகாசத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதலில் எழுதி வையுங்கள்

பல அலுவலகங்களில் வொர்க்ஃப்ளோவை அமைத்தவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருப்பார். எத்தனை நாள் லீவுக்கு யார் ஒப்புதல், மேலாளர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்ற விதிகள் காகிதத்தில் இருக்காது. அந்த வொர்க்ஃப்ளோவுக்குள் மட்டுமே இருக்கும். இன்ஜின் நின்றால் விதியும் மறந்துபோகும்.

எனவே, இயக்கிய கையோடு ஒவ்வொரு விதியையும் சாதாரணத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வைப்பது நல்லது. தினமும் அதைப் பயன்படுத்தும் ஊழியர்களைக் கேட்டால், யாருக்கும் தேவைப்படாத விதிகளும் தெரியவரும். பிறகு, 'பவர் ஆட்டோமேட்' போன்ற புதிய ஏற்பாட்டுக்கு மாறலாம். ஒரு விஷயம்... பாதி வழியில் நிற்கும் விண்ணப்பங்கள் புதிய இடத்துக்குத் தானாகத் தாவாது. அவற்றை முடித்துவிட்டு மாறுவதே பாதுகாப்பு.

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை: 'பதிவாகிவிட்டது' என்றால் 'போய்ச் சேர்ந்துவிட்டது' என்று அர்த்தமில்லை. ஊருக்கு டிக்கெட் போடும் முன், மேலாளரிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்!