படகின் நலம் காணல்

மாலைப் பொழுதில் திருச்செந்தூர்க் கடற்கரையில் நிற்போர்க்கு, அலைமீது சிறிது தொலைவு சென்றுவரவேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு. தெற்கே குமரிமுனைக்குச் செல்வோர் அவ்வாவலை எளிதில் நிறைவேற்றிக்கொள்கின்றனர். அங்கே பூம்புகார்க் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் மக்களை விவேகானந்தர் பாறைக்கு ஏற்றிச் செல்கின்றன. அப்படகுகளைச் சின்னமுட்டம் துறைமுகத்தில் கரையேற்றிப் பழுது பார்ப்பது வழக்கம். நன்றாக ஓடும் படகைக் கரையேற்றுவானேன் என்று நீங்கள் வினவலாம். படகின் அழகு நீர்மட்டத்திற்கு மேலே உள்ளது. அதன் உயிரோ நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளது. ஆதலின் கரையேற்றினாலன்றி அதன் உண்மை நிலை புலப்படாது.

கரையேற்றிய படகின் அடிப்புறத்தில் ஒட்டியுள்ள சிப்பிகளையும் பாசியையும் முதலில் சுரண்டி அகற்றுவர். மரப்படகாயின், ஆய்வாளர் சிறு சுத்தியலால் பலகைகளைத் தட்டிக்கொண்டே செல்வார். திண்ணிய மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். கடலில் வாழும் துளைப்புழு, ஊசிமுனையளவு துளை வழியே மரத்தினுள் புகுந்து, உள்ளேயே வளர்ந்து அதனைக் குடைந்துவிடும். வெளியே பார்ப்போர்க்குப் பலகை பழுதற்றதாகவே தோன்றும். பலகைகளின் இடைவெளிகளில் பஞ்சினைத் திணித்து நீர்புகாமல் அடைப்பதற்குக் கலப்பற்று என்று பெயர். அது தளர்ந்துள்ளதா என்பதையும் நோக்குவர். தூத்துக்குடியில் தோணி கட்டும் ஓடாவிகள் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள். இரும்புப் படகாயின், துருவினால் தகடு எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைக் கேளா ஒலிக் கருவியால் அளப்பர். சுக்கான், பொறி, நீரிறைக்கும் குழாய், தீயணைப்புக் கருவி, மிதவையங்கிகள் ஆகியவையும் ஆய்வுக்கு உரியன.

உடல் உறுதியாய் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சாய்ந்த படகு மீண்டும் நிமிர வேண்டும். இதனை அறிதற்கு, எடைக்கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகர்த்தி, தூக்குக்குண்டின் விலகலைக் கொண்டு படகின் சாய்வைக் கணிப்பர். அக்கணக்கினைக் கொண்டே எத்தனை பேரை ஏற்றலாம் என வரையறுப்பர். மயிலிறகேயாயினும் அளவு கடந்தால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் உணர்த்திய உண்மையன்றோ? இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்பார், அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் மாலுமிகள் மாள்வதைக் கண்டு மனம் பொறாது பாராளுமன்றத்தில் போராடினார். அதன் பயனாக 1876ஆம் ஆண்டில், கப்பலின் பக்கத்தில் பார எல்லைக் கோடு பொறிக்கப்பட வேண்டும் என்னும் சட்டம் பிறந்தது.

இவ்வாய்வினைப் புறக்கணித்தால் விளையும் கேட்டினைக் கேரளத்துத் தானூர் நமக்குக் காட்டியது. 2023ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள், அங்கு உலாச் சென்ற படகொன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவருட் பலர் சிறுவர். அது மீன்பிடி படகாக இருந்து உலாப்படகாக மாற்றப்பட்டது. அளவுக்கு மிஞ்சியும் மக்களை ஏற்றியிருந்தது. மீன்பிடி படகில் பனிக்கட்டியும் மீனும் அடித்தட்டில் தங்கும். ஆதலின் பாரம் தாழ்ந்து நிற்கும். உலாப்படகிலோ மக்கள் மேல்தளத்தில் நிற்பர். காட்சியைக் காண ஒரே பக்கம் ஒதுங்கவும் செய்வர். பாரம் உயர உயரப் படகு நிமிரும் ஆற்றல் குறையும். ஆகவே, வண்ணம் பூசுவதனால் ஒரு கலம் மற்றொரு கலமாகிவிடாது.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம், ஆறு, ஏரி முதலியவற்றில் ஓடும் விசைக்கலங்களுக்கு ஆய்வுச் சான்றிதழும் பதிவும் வேண்டும் என விதிக்கிறது. எனினும், சான்றிதழ் தானே படகைத் தாங்காது. அதில் குறித்த எண்ணிக்கையைப் படகோட்டியும் பயணியும் மதித்தல் வேண்டும்.

மாணவர்களே! படகில் அடி வைக்குமுன் எத்தனை பேருக்கு இடமுண்டு என்று கேளுங்கள். மிதவையங்கியைக் கேட்டு வாங்கி அணியுங்கள். இடமில்லையெனின் அடுத்த படகிற்குக் காத்திருங்கள். காத்திருப்பது கோழைமை அன்று, அறிவுடைமையே ஆகும்.