சொறியும் நாய்க்குக் கோழிக்கறிதான் குற்றவாளியா?

வீட்டு நாய் ஓயாமல் சொறிந்தால் முதல் தண்டனை அதன் தட்டுக்குத்தான். கோழியை நிறுத்துகிறோம், பத்து நாள் தயிர்சாதம் போடுகிறோம். அதற்கும் அடங்காவிட்டால் கடைக்காரர் எடுத்துக் காட்டும் விலை கூடிய தீவனத்துக்கு மாறுகிறோம். உணவு ஒவ்வாமை பொய்யல்ல. ஆனால் நாய்களின் தோல் அலர்ஜியில் பூச்சிக்கடியும் வீட்டுத் தூசும்தான் முன்வரிசையில் நிற்கின்றன, உணவு அவற்றுக்குப் பின்னால்தான். கடைசியில் விசாரிக்க வேண்டியதை முதலில் விசாரிப்பதால், உண்மையான காரணம் மாதக்கணக்கில் தப்பித்துக்கொள்கிறது.

பூச்சியே கண்ணில் படவில்லையே?

தெள்ளுப்பூச்சியைப் பற்றிப் பேச்செடுத்தாலே பலருக்கு முகம் சுண்டிவிடும், வீட்டுச் சுத்தத்தைக் குறை சொன்னதுபோல. வாரம் தவறாமல் குளிப்பாட்டுகிறோம், ஒரு பூச்சியைக்கூடப் பார்த்ததில்லை என்பார்கள். பார்க்காதது உண்மையாகவே இருக்கலாம். அலர்ஜி உள்ள நாய் நக்கியும் கடித்தும் பூச்சிகளை விழுங்கிவிடுகிறது; தடயத்தை அழிப்பது அதுவேதான். அதோடு, இங்கே எண்ணிக்கை முக்கியமல்ல. பூச்சியின் எச்சிலில் உள்ள புரதம்தான் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. ஓரிரு கடியின் அரிப்பே இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். சந்தேகம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. வாலின் அடிப்பகுதியில் சிறுபல் சீப்பால் வாரி, வரும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் உதிர்த்துப் பாருங்கள். மண்ணென்றால் மண்ணாகவே கிடக்கும். பூச்சியின் எச்சமென்றால் சுற்றிலும் செம்பழுப்பாகக் கசியும். அது செரித்த இரத்தம். ஆனால், ஒன்றும் கசியாததால் பூச்சியே இல்லை என்று முடிவு கட்டிவிடவும் முடியாது.

நாயின் மேல் இருப்பவை மொத்தப் பூச்சிக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கைத் துணியில், சோபா இடுக்கில், தரை விரிசலில் கிடக்கிறது. கூட்டுப்புழு தக்க தருணம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கவும் வல்லது. குளியல் மட்டும் போதாமல் போவது இதனால்தான். நம் ஊர் வெப்பத்தில் பூச்சிக்கு ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. ஆகவே கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ, ஆண்டு முழுக்கத் தவறாமல் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள எல்லா நாய் பூனைகளுக்கும் அந்தந்த விலங்குக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

எங்கே சொறிகிறது?

முதுகின் பின்பகுதியும் வாலடியும் என்றால் தெள்ளுப்பூச்சிக் கடி. காதின் விளிம்பும் முழங்கையும் என்றால் சொறிப்பூச்சி. வீட்டு மனிதர்களுக்கும் கூடவே அரிப்பு வரலாம். சொறிநாய் என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுகிறோமே, அந்தப் பெயர் உண்மையில் சொறிப்பூச்சி பிடித்த நாய்க்குத்தான் பொருந்தும். முன்கால் பாதம், அக்குள், காதின் உட்புறம் என்று பரவி, மூன்று வயதுக்குள் தொடங்கியிருந்தால் தூசுப்பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் பரம்பரை ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். சங்கடம் என்னவென்றால், உணவு ஒவ்வாமையும் இதே இடங்களில்தான் தெரியும். பார்வையால் இரண்டையும் பிரிக்க முடியாது. இதற்கிடையே சொறிந்த புண்ணில் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் குடியேறி, புளித்த வாடையோடு தனியே அரிப்பைக் கூட்டும். அதை முதலில் ஆற்றாமல் வேறு எதைச் செய்தாலும் பலன் தெரியாது. மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் ஷாம்பு பத்து நிமிடம் தோலில் ஊற வேண்டும். போட்ட கையோடு கழுவினால் காசுதான் கரையும்.

கோழியை நிறுத்தியதும் குறைந்ததே!

குறைந்திருக்கலாம். ஆனால் அதே வாரம் ஊசியும் போட்டிருப்போம், ஷாம்புவும் மாற்றியிருப்போம். எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது? 2016-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, உணவு ஒவ்வாமை உறுதியான 297 நாய்களை எடுத்துக்கொண்டது. மாட்டிறைச்சி 34 சதவீதத்துக்கும், பால் பொருள்கள் 17 சதவீதத்துக்கும், கோழி 15 சதவீதத்துக்கும், கோதுமை 13 சதவீதத்துக்கும் காரணமாக இருந்தன. கோழியை நிறுத்திவிட்டுப் பாலும் பிஸ்கட்டும் தயிர்சாதமும் தருபவர்கள் இந்த வரிசையை இன்னொரு முறை பார்க்கலாம். இரத்தப் பரிசோதனையால் உணவு ஒவ்வாமையை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. இதுவரை உண்ணாத ஒரு புரதத்தையோ, மருத்துவர் தரும் சிதைத்த புரத உணவையோ மட்டும் 8 வாரம் கொடுத்து, பிறகு பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பதே வழி. அரிப்பு திரும்பினால்தான் குற்றம் நிரூபணமாகிறது. இடையில் தாத்தா பாசத்தோடு நீட்டும் ஒரு ரஸ்க் போதும், கணக்கு கெட்டுவிடும்.

ஊசி போட்டால் அடங்கிவிடுகிறதே?

அடங்கும், மறுப்பதற்கில்லை. அந்த ஊசியில் உள்ள ஸ்டீராய்டு எந்தக் காரணத்தால் வந்த அலர்ஜி அரிப்பையும் பெரும்பாலும் தணிக்கும். அதனாலேயே காரணத்தையும் மறைத்துவிடும். உள்ளே இருப்பது சொறிப்பூச்சியோ கிருமித்தொற்றோ என்றால் நிலைமை மோசமாகும். திரும்பத் திரும்பப் போட்டால் ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் பருமன், தோல் மெலிவு என்று தொடரும். பரம்பரை ஒவ்வாமைக்கு முழுத் தீர்வு இல்லை என்பதால் நீண்டகால மருந்து தேவைப்படுவது உண்மைதான். அதற்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒக்ளாசிடினிப் மாத்திரை போன்றவை இப்போது உள்ளன. அவற்றுக்கும் கண்காணிப்பு வேண்டும். எதைத் தொடங்கும் முன்னும் தோலைச் சுரண்டி எடுத்தும், ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்தும் நுண்ணோக்கியில் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சில நிமிட வேலைதான் அது. ஆனால் ஊசி போட்ட பிறகு பார்த்தால் தோல் அதே பதிலைச் சொல்லாது.